இன்ஜின் இருந்தும் நாட்டுப்படகு

ஆண்டுதோறும் ஏப்ரல் 15ஆம் தேதி தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை, 61 நாளும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் அவை ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுகள் மட்டும் கரையோரமாகத் தொழிலுக்குப் போய்வருகின்றன என்று செய்தித்தாள்கள் எழுதும். கடலைப் பார்க்காத ஊரில் இருந்து இதைப் படிப்பவர் துடுப்பும் பாயுமாக ஒரு படகைக் கற்பனை செய்துகொள்வார். கரையில் நின்று பார்த்தால் காட்சி வேறு. போகிற படகுகளில் பெரும்பாலானவை இன்ஜின் முழக்கத்தோடுதான் போகின்றன. சிலவற்றில் நீண்ட தண்டின் நுனியில் விசிறி சுழலும் டீசல் இன்ஜின். சிலவற்றின் பின்புறத்தில் மாட்டிய மண்ணெண்ணெய் மோட்டார். தூத்துக்குடி வள்ளத்திலும் பாக் நீரிணைப் படகுகளிலும் உடலுக்குள்ளேயே பொருத்திய டீசல் இன்ஜின். ஆக, இன்ஜின் இருப்பதால் மட்டும் ஒரு படகு விசைப்படகு ஆகிவிடுவதில்லை.

மறுபக்கமும் இப்படித்தான். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் 'பொதிகை', 'குகன்', 'விவேகானந்தா' மூன்றும் இன்ஜினால்தான் ஓடுகின்றன. அவற்றை யாரும் விசைப்படகு என்பதில்லை. சுற்றுலாத் துறையின் படகுக் குழாமில் மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு என்று கட்டணப் பலகை தொங்கும். அங்கேயும் விசைப்படகு கிடையாது. தூத்துக்குடியில் இருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணி பல ஆண்டுகளுக்கு முன்பே இன்ஜினுக்கு மாறிவிட்டது. கப்பல் சட்டத்தின் ஏட்டில் அதற்கு எம்.எஸ்.வி. என்று பெயர். விரித்துச் சொன்னால் இயந்திரம் பூட்டிய பாய்மரக் கலம். பாய் போன பிறகும் பதிவேடு அதை விடவில்லை. ஊருக்கு அது வெறும் தோணி, அதன் தலைவர் தண்டல்.

தமிழில் விசை என்ற முன்னொட்டுக்கு நேர்மையான ஒரு வரலாறு உண்டு. கையால் ஓட்டினால் கைத்தறி, மின்சாரத்தால் ஓடினால் விசைத்தறி. எதிரெதிராக நிற்கும் இரண்டு சொற்களும் ஒரே கேள்விக்கு விடை சொல்கின்றன: ஓட்டுவது எது? விசைப்படகுக்கு எதிராகக் கைப்படகோ பாய்ப்படகோ வரவில்லை, நாட்டுப்படகு வந்தது. நாட்டுக்கோழி, நாட்டுமாடு, நாட்டு ஓடு என்ற வரிசையில் வரும் 'நாட்டு' இது. வெளியில் இருந்து புதுரகம் ஒன்று வந்து இறங்கிய பிறகுதான், பழையதற்கு இந்த அடைமொழி தேவைப்படுகிறது. பிரிட்டிஷ் காலத்துத் துறைமுக அதிகாரிகளும் உள்ளூர்க் கலங்களை இதே பொருள்படும் ஆங்கிலப் பெயரால்தான் குறித்தார்கள். எனவே இந்த இணையில் ஒரு சொல் இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறது, மற்றது பிறப்பைப் பற்றிப் பேசுகிறது. இரண்டும் சேர்ந்து உண்மையில் எதைப் பிரிக்கின்றன என்பதை அறிய, அந்தப் புதுரகம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

அது நார்வேயில் இருந்து வந்தது. 1952இல் நார்வே, இந்தியா, ஐக்கிய நாடுகள் அவை ஆகியவை கூட்டாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1953இல் திருவிதாங்கூர்–கொச்சியின் கொல்லத்துக்குப் பக்கத்தில், நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் வேலை தொடங்கியது. முதல் எண்ணம் எளிமையானது: இருக்கிற வள்ளத்தில் இன்ஜின் வைப்பது. அலை மோதும் திறந்த கரையில், மணலில் இழுத்து ஏற்றும் படகுக்கு உள்பொருத்து இன்ஜின் சரிப்படவில்லை. அடிப்பகுதிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டும் விசிறியும் மணலில் இடிக்கும். ஆகவே இன்ஜினுக்கு ஏற்ற உடலைப் புதிதாகக் கட்டினார்கள். புது உடலுக்கு ஆழமான, அமைதியான தண்ணீர் தேவை. அதனால் துறைமுகம் தேவைப்பட்டது. 1960களில் இறால் வெளிநாட்டுச் சந்தையில் விலைபோகத் தொடங்கியதும் இந்தப் படகுகள், கடல் தரையோடு இழுக்கும் பைவலையான இழுவைமடிக்கு மாறின. நார்வேத் திட்டம் கேரள மீன்பிடியை எப்படி மாற்றியது என்று 1985இல் பொருளியலாளர் ஜான் குரியன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சாதாரண மீனவருக்கு மலிவான மீன் என்று தொடங்கிய ஏற்பாடு ஏற்றுமதி இறாலில் போய் முடிந்தது.

இந்தப் படகு தமிழ்க் கரைக்கு வந்தபோது மக்கள் வாயில் அதன் பெயர் லாஞ்சு. போர்த்துகீசிய 'லாஞ்சா' வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. அதற்கும் மூலம் மலாய் மொழியாக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கருத்து. கிழக்குக் கடலில் பிறந்து, ஐரோப்பாவைச் சுற்றி, மறுபடி கிழக்குக் கடலுக்கே வந்திருக்கிறது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலில் (1977) லாஞ்சுக்காரர்களும் வள்ளக்காரர்களும் மோதிக்கொள்வதைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். விசைப்படகு என்ற அரசுச் சொல் அச்சில் வேரூன்றுவதற்கு முன்பே, அந்தச் சொல் சுமக்கப்போகும் பகை முழுவதும் லாஞ்சு என்ற சொல்லில் ஏறிவிட்டிருந்தது.

பகைக்குக் காரணம் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். இழுவையின்போது இழுவைப்படகு ஆமை வேகத்தில்தான் போகும். வேறுபாடு இன்ஜின் செய்யும் வேலையில் இருக்கிறது. வலைவீசும் வள்ளத்தில் இன்ஜின் ஆளையும் வலையையும் மீன் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் விடும். பிறகு அதை நிறுத்திவிடலாம். வலை தானாக மிதந்து நிற்கும், மீன் வந்து செருகும். இழுவைமடியில் இன்ஜினே மீன்பிடிக் கருவி. இரண்டு கனமான பலகைகள் தண்ணீரின் அழுத்தத்தால் விலகி மடியின் வாயைத் திறந்து வைத்திருக்க, கம்பிவடத்தில் கட்டிய அந்தப் பையைக் கடல் தரையோடு மணிக்கணக்கில் இழுக்க வேண்டும். இன்ஜின் நின்றால் வாய் மூடிக்கொள்ளும், மீன்பிடியும் நின்றுவிடும். குதிரைத்திறன் கூடக் கூட மடியின் வாயும் பெரிதாகும். வழியில் வள்ளக்காரர் போட்டிருந்த வலை இருந்தால் அதுவும் அறுந்து மடியோடு வரும். 1970களில் சென்னையில் இருந்து கோவா வரை நடந்த மோதல்களின் வேர் இந்த அறுந்த வலைதான். 1978இல் கட்டுமர, நாட்டுப்படகு மீனவர்களின் உரிமைக்கென ஒரு தேசிய மன்றம் உருவானது. அதுவே பின்னாளில் தேசிய மீன்பிடித் தொழிலாளர் பேரவையாக வளர்ந்தது. அமைப்பின் பெயரிலேயே படகின் பெயர் இருந்ததைக் கவனிக்க வேண்டும்.

இந்த மோதல்களின் விளைவாக வந்த சட்டங்களில் ஒன்று தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983. கரையில் இருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுக்கு, அதற்கு அப்பால்தான் விசைப்படகுக்கு என்று அது அப்போது வகுத்தது. விசைப்படகு காலை 5 மணிக்கு மேல் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது விதி. தூத்துக்குடி விசைப்படகுக்காரர்கள் நெடுநாளாகக் கேட்டுவரும், இரவும் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் 'தங்குகடல்' அனுமதி இந்த விதியோடு மல்லுக்கட்டும் கோரிக்கை. பாக் நீரிணையில் நாளையும் பிரித்தார்கள்: வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு. ராமேசுவரத்தில் திங்கள், புதன், சனி என்றால் விசைப்படகு நாள் என்று குழந்தைக்கும் தெரியும்.

சட்டம் இப்படி இடத்தையும் நேரத்தையும் பங்கு வைத்த பிறகு, ஒரு படகு எந்தப் பெயரில் பதிவாகிறது என்பது வாழ்வாதாரக் கேள்வியாகிவிட்டது. பதிவு எண்ணில் எம்.எம். என்று இருந்தால் அது இயந்திரமயமான கலம், எம்.ஓ. என்றால் மோட்டார் பொருத்திய கலம், என்.எம். என்றால் மோட்டார் இல்லாதது. முதல் இரண்டுக்கும் பொருள் வேறுபாடு என்ன என்று ஆங்கிலப் பேராசிரியரைக் கேட்டாலும் திணறுவார். கடற்கரையில் யாரும் திணறுவதில்லை. முதலாவது விசைப்படகு, இரண்டாவது நாட்டுப்படகு. தமிழ்நாடு அரசு 2023இல் வரிவிலக்கு டீசலின் ஆண்டு அளவைக் கூட்டியபோது முதல் வகைக்கு 18,000 லிட்டரில் இருந்து 19,000 லிட்டராகவும், இரண்டாம் வகைக்கு 4,000 லிட்டரில் இருந்து 4,400 லிட்டராகவும் உயர்த்தியது. இரண்டு எழுத்துகளில் ஓர் எழுத்து மாறினால் 14,600 லிட்டர் வேறுபாடு.

பெயருக்காகப் படகை மாற்றுவதும் படகுக்காகப் பெயரை மாற்றுவதும் நம் கரைக்கு மட்டும் உரிய சாமர்த்தியம் அல்ல. அமெரிக்காவில் நீராவிப் படகு எதுவாக இருந்தாலும் உரிமம் பெற்ற பொறியாளர் அதில் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. கொதிகலன்கள் வெடித்துப் பலர் இறந்ததால் வந்த சட்டம். சிறு உல்லாசப் படகு வைத்திருப்பவருக்கு அது தாளாத செலவு. 1880களில் நியூயார்க்கில் ஒரு நிறுவனம் தண்ணீருக்குப் பதில் நாப்தாவைக் கொதிக்க வைத்து அதன் ஆவியால் படகை ஓட்டியது. எளிதில் தீப்பற்றும் நாப்தா தண்ணீரைவிட எத்தனையோ மடங்கு ஆபத்து. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது நீராவிப் படகு அல்ல, நாப்தா லாஞ்சு. ஆயிரக்கணக்கில் விற்றது. அதே காலத்தில், 1886இல், ஜெர்மனியின் நெக்கர் ஆற்றில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் பெட்ரோல் இன்ஜின் வைத்த படகை ஓட்டிப் பார்த்தார்கள். மக்கள் பெட்ரோலுக்குப் பயந்ததால், மின்சாரப் படகு என்று நம்பவைக்க டைம்லர் அதைச் சுற்றிலும் கம்பிகளையும் பீங்கான் கொட்டைகளையும் கட்டித் தொங்கவிட்டார் என்று ஒரு கதை உண்டு. மோட்டார் படகின் வரலாறே வேறு பெயரில் ஒளிந்துகொண்டுதான் தொடங்குகிறது.

நாட்டுப்படகுக்கு இன்ஜின் வந்த வழி தனி. படகின் உடலைத் தொடாமல் பின்புறத்தில் மாட்டிக் கழற்றும் மோட்டாரை அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மேன் 1905 வாக்கில் செய்து பார்த்தார். நார்வேயில் பிறந்து மில்வாக்கியில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் 1909இல் அதை விற்பனைச் சரக்காக்கினார். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு துடுப்புப் போட்டு வருவதற்குள் அது உருகிப்போன எரிச்சலில் அவருக்கு யோசனை தோன்றியதாகச் சொல்வார்கள். அரபிக்கடல் கரைக்கு அந்த மோட்டார் பரவலாக வந்தது 1980 வாக்கில், ஜப்பான் வழியாக. யமஹா, சுசுகி என்ற பெயர்கள் குமரி மாவட்டக் கடற்கரையில் வீட்டுப் பெயர்கள் மாதிரி ஆகிவிட்டன. கரை நெருங்கும்போது விசிறியைத் தூக்கிவிடலாம் என்பதால் அலையும் மணலும் தடையாகவில்லை, துறைமுகமும் வேண்டாம். நார்வேக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட சிக்கலுக்கு இது விடை. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் ரகம் என்பதால் செலவும் கட்டுப்பட்டது. பிறகு மானிய மண்ணெண்ணெயின் அளவு கடற்கரை அரசியலானது.

உடலும் மாறியது. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் வேண்டிய பெரிய மரங்கள் கிடைப்பது அரிதான நேரத்தில், குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லெ உள்ளூர்க் கைவினைஞர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகை உருவாக்கினார். சிறியது கடினமானது என்ற பொருளில் தலைப்பிட்டு 1985இல் அவர் எழுதிய நூல், தொழில்நுட்பத்தைக் கரைக்குக் கொண்டுபோவதில் உள்ள அவதிகளைப் பூசி மெழுகாமல் சொல்கிறது. அது தமிழில் வந்திருக்க வேண்டிய புத்தகம். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ், படகு கட்டும் கூடங்களும் மோட்டார் பழுதுபார்க்கும் மையங்களும் வைத்து இந்த வகைப் படகைக் கரை முழுக்கக் கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சோழமண்டலக் கரையில் நிவாரணமாக வந்து குவிந்தவை கண்ணாடியிழைப் படகுகள். 'பைபர்' என்றே அவற்றுக்குப் பெயர் நின்றுவிட்டது. அவற்றின் மோட்டார் தாய்லாந்துக்காரர்களுக்குப் பழக்கமான நீள்வால் வகை; இங்கே அதற்கு லாங்டெயில் என்று பெயர். காற்றால் குளிரும் சிறு டீசல் இன்ஜினும் நீண்ட தண்டும்தான் அது. தண்டைப் பிடித்துத் திருப்பினால் படகு திரும்பும், அழுத்தினால் விசிறி தண்ணீருக்கு மேலே வந்துவிடும். சுக்கான் தனியாக வேண்டியதில்லை.

சுக்கான் போனது சிறிய செய்தி அல்ல. சுக்கான் அரபுச் சொல். மாலுமியும் அரபுதான், கற்றுத் தருபவர் என்ற பொருளுள்ள 'முஅல்லிம்'. சிராங்கு பாரசீகத்தில் இருந்து வந்து, குமரியிலும் கேரளத்திலும் விசைப்படகின் ஓட்டுநரைக் குறிக்க நிற்கிறது. கிழக்குக் கரையில் அவர் டிரைவர். நம் படகுச் சொற்களில் பல வந்தவரிடம் வாங்கியவைதான். கியர், ஷாப்ட், வின்ச், ஜி.பி.எஸ். என்று இப்போது வாங்குவதைக் கண்டு மொழிக் காவலர்கள் பதற வேண்டியதில்லை. என் கவலை வேறு. பாய் போனதும் பருமல், தாமான் போன்ற சொற்களுக்கு வேலை போய்விட்டது. கச்சான், கொண்டல், வாடை என்ற காற்றுப் பெயர்கள் பிழைத்திருக்கின்றன; இன்ஜின் வந்த பிறகும் புயலுக்கும் அலைக்கும் காற்றைப் பார்த்தே ஆக வேண்டும். அணியமும் அமரமும், முன்னும் பின்னும் உள்ள படகு இருக்கும்வரை இருக்கும். ஆழத்தைப் 'பாகம்' என்ற அளவில் அளப்பது கருவி வந்த பிறகும் நிற்கிறது. எந்தச் சொல் சாகும், எது பிழைக்கும் என்பதைப் பொருளின் தேவைதான் முடிவு செய்திருக்கிறது. ஜோ டி குருஸ் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' நாவல்களில் இந்தச் சொற்களை வாழும் பேச்சாகவே பதிந்து வைத்திருக்கிறார். நம் பொது அகராதிகள் அந்த அளவுக்கு இன்னும் கரைக்கு வரவில்லை.

விசைப்படகு–நாட்டுப்படகு இணைக்கு வருவோம். 1983இல் இந்தப் பிரிவினை நியாயமாகவே பொருந்தியது. வலியவரிடம் இருந்து எளியவரின் 3 மைலைக் காத்தது. இன்று இரண்டு சொற்களும் பொருளுக்குப் போதாமல் போய்விட்டன என்பது என் முடிவு. குமரி மாவட்டத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி, தூண்டிலால் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். கடல் தரையைச் சுரண்டாத தொழில். 2017இல் ஒக்கிப் புயல் சூறையாடியது இவர்களைத்தான். பதிவேட்டில் இவர்களும் விசைப்படகுக்காரர்கள். இன்னொரு பக்கம் கேரளத்தில் இழுவைப்படகைப் 'போட்டு' என்றும் மற்றதை வள்ளம் என்றும் பிரிக்கும் வழக்கு. 1988 முதல் மழைக்காலத்தில் வரும் தடை 'போட்டு'க்குத்தான். அந்த வள்ளங்களில் சில, நூறு குதிரைத்திறனைத் தாண்டிய உள்பொருத்து இன்ஜினும் நாற்பது ஆளும் ராட்சத வளையவலையும் கொண்டவை. பெயரளவில் அவை பாரம்பரியக் கலங்கள். தமிழ்நாட்டில் சீன இன்ஜின் என்ற சொல் இப்போது போராட்ட முழக்கமாகியிருக்கிறது. அனுமதித்த அளவுக்கு மேல் குதிரைத்திறன் வைத்த விசைப்படகுகளைச் சாதாரண விசைப்படகுக்காரர்களே எதிர்க்கிறார்கள். ஒரே பெயருக்குள் இரண்டு வர்க்கம் பிறந்துவிட்டது.

பாக் நீரிணையின் அக்கரையில் இந்தச் சொல் முற்றிலும் வேறாகிவிடுகிறது. ராமேசுவரத்தில் இருந்தோ மண்டபத்தில் இருந்தோ போன படகை இலங்கைக் கடற்படை பிடித்தால், நம் செய்தித்தாள் விசைப்படகு பறிமுதல் என்று எழுதும். அதே படகு யாழ்ப்பாணச் செய்தித்தாளில் இந்திய இழுவைப்படகு. குருநகர், நெடுந்தீவு மீனவர் பேச்சில் றோலர். அங்கே சிறு கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் வைத்து வலைவிரிக்கும் தமிழ் மீனவருக்கு அந்தப் படகின் இன்ஜின் ஒரு பொருட்டல்ல, அது இழுக்கும் மடிதான் கண்ணில் படுகிறது. குருநகரில் உள்ளூர் றோலர்களும் இருந்தன. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியையே சட்டத்தால் தடைசெய்தது. எம். ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் மசோதாவில் இருந்து பிறந்த சட்டம் அது. இக்கரைத் தமிழில் படகின் பெயர் அதன் உந்துவிசையைச் சொல்கிறது, அக்கரைத் தமிழில் அதன் வலையைச் சொல்கிறது. ஒரு குறுகிய கடலின் இரு கரைகளில் ஒரே மொழி பேசும் இரு மீனவச் சமூகங்கள் ஒருவர் கோரிக்கை மற்றவருக்குப் புரியாமல் நிற்பதற்கு இந்தப் பெயர் வேறுபாடு மட்டும் காரணம் இல்லை. இருந்தாலும், விசைப்படகு என்று மட்டும் படித்துப் பழகிய உள்நாட்டுத் தமிழ் வாசகருக்கு யாழ்ப்பாண மீனவரின் கோபம் எதற்கென்று தெரியவே வழியில்லை.

ஆகவே, கடல் செய்தி எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு படகு கவிழ்ந்தது, பிடிபட்டது, மோதியது என்று எழுதும்போது விசைப்படகு, நாட்டுப்படகு என்பதோடு நிறுத்தாதீர்கள். அது எத்தனை அடி நீளம், எத்தனை குதிரைத்திறன், என்ன வலை என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். மூன்றும் கரையில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும் விவரங்கள்.